ஏழாம் நம்பர் படகின் நாலாவது மணி

நீர்வாசல் நகரத்தைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் ஒருநாள் சீட்டு வாங்கிக்கொண்டு ஏழாம் நம்பர் தண்ணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், பகல் பன்னிரண்டேகால் நடையில் அது துறையே இல்லாத ஓர் இடத்தில், யாரோ ஒருவர் வீட்டு வாசற்படியில், அரை மணி நேரம் சும்மா நிற்கும். அப்போது கடிகாரத்தைப் பார்த்துப் புண்ணியமில்லை, கண்டக்டர் செண்பகவடிவிடம் எரிந்து விழுந்தும் பயனில்லை. அவள் காரணம் சொல்ல ஆரம்பித்தால் அரை மணி நேரம் போதாது என்பதால் அதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

முப்பத்தொரு கால்வாய் ஓடுகிற ஊர் அது. வீடுகளுக்கு முன்வாசல் தண்ணீரிலும் பின்வாசல் சந்திலும் இருக்கும். பால் வருவது படகில், தபால் வருவது படகில், பெண் பார்க்க வருவதும் பிடிக்கவில்லை என்று போய்ச் சொல்லியனுப்புவதும் படகில். இந்த அதிசயத்தைப் பார்க்க வெளியூர்க் கூட்டம் வருஷம் முழுக்க வரும். அவர்களுக்கென்று தனிப் படகெல்லாம் கிடையாது. மீன்கூடைக்கும் பள்ளிக்கூடப் பைக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்துதான் அவர்களும் ஊரைப் பார்க்க வேண்டும். அப்படி ஆயிரம் ஆயிரம் பேருக்கு ஊரைச் சுற்றிக்காட்டிவிட்டுத் தான் மட்டும் ஒருநாளும் பார்க்காத மனிதர் ஒருவர் அந்தப் படகில் இருந்தார். அவர் இன்ஜின்காரர் பால்வண்ணம்.

படகின் நடுவில் பலகையைத் தூக்கினால் ஏழு படி இறங்கும் ஒரு குழி உண்டு. சன்னல் கிடையாது. ஓர் இன்ஜின், ஒரு லீவர், ஒரு முக்காலி, ஒரு கருவிப்பெட்டி, தலைக்கு மேலே ஒரு பித்தளை மணி, அவ்வளவுதான் அங்கே உள்ள சொத்து. மணியின் கயிறு கூரையோடு ஓடி, முன்னால் உயரத்தில் இருக்கும் சுக்கானி அறையில் போய் முடியும். சக்கரம் பிடித்துப் படகைத் திருப்புகிற சுக்கானிக்கு இன்ஜின் எட்டாது. இன்ஜினை ஓட்டுகிறவருக்குக் கால்வாய் தெரியாது. இருவருக்கும் நடுவில் அந்தக் கயிறுதான் பேச்சு. ஒரு தடவை அடித்தால் நிறுத்து, இரண்டு தடவை அடித்தால் போ, மூன்று தடவை அடித்தால் பின்னால் எடு. நாலு தடவை என்று ஒன்று இலாகாவின் சட்டப் புத்தகத்தில் கிடையாது.

இருபத்து மூன்று வருஷம் பால்வண்ணம் அந்தக் குழியில் உட்கார்ந்திருந்தார். விடியும்போது இறங்குவார், வெயில் சாயும்போது ஏறுவார், டிப்போவுக்குப் பின்னால் மேட்டுக் காலனியில் இருக்கும் வீட்டுக்கு நடந்து போவார், லீவு நாளில் படகு ஏறி ஊர் பார்க்க அவருக்கு என்ன பைத்தியமா. இன்ஜின் சத்தம் திடீரென்று தலையில் இடித்துத் திரும்பினால் கல்பாலம் வந்துவிட்டது, குழிக்குள் குளிர்ச்சி இறங்கினால் மூட்டை மூட்டையாக உப்பு அடுக்கிய உப்புக் கிட்டங்கி, நாற்றம் வந்தால் மீன்சந்தை, பலகைக்கு மேலே எல்லாக் கால்களும் ஒரே பக்கமாக ஓடினால் சாய்ந்த மணிக்கூண்டு. இப்படித்தான் அவருக்கு ஊர் தெரியும். "எடது பக்கம் பாருங்க, பச்சை சன்னல் வீடு, மொத்தம் நூத்தியெட்டு சன்னல்" என்று செண்பகவடிவு மேலே கத்துவாள், பால்வண்ணம் எடது பக்கம் பார்ப்பார், அங்கே தார் பூசிய பலகை இருக்கும். லீவரின் அதிர்விலேயே கிடந்து அவருடைய உள்ளங்கைகள் இரண்டும் மரத்துப்போயிருந்தன. டீ கிளாஸ் சுடுகிறதா இல்லையா என்று உதட்டில் வைத்தால்தான் தெரியும்.

சுக்கானி தொம்மையும் அவரும் ஒரு காலத்தில் ஒரே தூக்குச்சட்டியில் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள். தொம்மை தன் மகள் கல்யாணத்துக்கென்றே கால்வாய்க்கரையில் புது வீடு கட்டினார், ஊரெல்லாம் பத்திரிகை வைத்தார். நீர்வாசலில் பத்திரிகை என்றால் புருஷனும் பெண்டாட்டியுமாக வீடேறிப் போய், வெற்றிலைத் தட்டில் வைத்து, நின்றுகொண்டே நீட்ட வேண்டும். ஒரே படகில் கிடக்கிறவனுக்கு என்ன சம்பிரதாயம் என்று நினைத்துத் தொம்மை பலகையைத் தூக்கி, "வே, பிடியும்" என்று குழிக்குள் பத்திரிகையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். பால்வண்ணம் அதைப் பிரிக்கவில்லை, கருவிப்பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டார். வீட்டுக்கு வருவார்கள் என்று பத்து நாள் சாயங்காலமும் வாசல் தெளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. அவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. அங்கே தொம்மை, கடைசிப் பந்தியில் அவருக்கென்று ஓர் இலையைப் போட்டு வைத்து, பொழுது இறங்குகிறவரை சமையல்காரர்களைப் பாத்திரம் கழுவ விடவில்லை. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்ததால் சமாதானத்துக்கு வழியே இல்லாமல் போயிற்று.

பேசாமல் இருப்பதற்கு அதைவிட வசதியான உத்தியோகம் உலகத்தில் கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மணி அடித்தால் போதும், பதினோரு வருஷம் ஓடிவிடும். ஒரே ஒரு விஷயம்தான் இடறியது. கல்யாணத்துக்கு மறுநாள் பன்னிரண்டேகால் நடையில், மணிக்கூண்டு தாண்டி மூன்றாவது வளைவில், மணி நாலு தடவை அடித்தது. பால்வண்ணம் நிமிர்ந்து பார்த்தார், லீவரை அசைக்கவில்லை. மறுநாளும் அதே வளைவில் நாலு. அதற்கு மறுநாளும். வராதவனே என்று என்னைக் குத்திக்காட்டுகிறான் என்று அவர் முடிவு கட்டினார். யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் தோற்றுப்போனதாக ஆகிவிடும் அல்லவா.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தொம்மை வீட்டில் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், நெஞ்சு அடைக்கிறது என்றார், இறந்துபோனார். மேட்டுக் காலனிக்கு ஆள் வந்து சொன்னபோது பால்வண்ணம், "அப்படியா" என்றார். ஏதாவது வரும் என்று காத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. மறுநாள் வழக்கம்போலக் குழியில் இறங்கி உட்கார்ந்தார், நேரத்துக்கு மணி இரண்டு தடவை அடித்தது, அவர் லீவரைத் தள்ளினார், படகு போயிற்று.

மேலே சுக்கானி அறையில் ஆள் இல்லை என்பதை மூன்றாவது துறையில்தான் ஜனங்கள் கவனித்தார்கள். சக்கரம் தானாகத் திரும்பியது, தானாக நின்றது, பழைய வழக்கப்படி கல்பாலத்துக்கு முன்னால் லேசாக இடது பக்கம் ஒடித்து நேரானது. "தொம்மை அண்ணாச்சிக்குல்லா இந்த ஒடிப்பு வரும்" என்று மீன்காரி ஒருத்தி சொன்னாள், மற்றவர்கள் ஆமாம் என்றார்கள், சந்தை வந்ததும் இறங்கி அவரவர் ஜோலியைப் பார்க்கப் போனார்கள். ஒரு டீச்சரம்மா மட்டும் டிப்போவில் புகார் எழுதிக் கொடுத்தாள், செத்த மனிதர் படகு ஓட்டுவது பற்றி அல்ல, தான் ஓடி வருவதைப் பார்த்தும் அவர் நிறுத்தாமல் போனது பற்றி; உயிரோடு இருந்தபோதும் அவர் அப்படித்தான் என்று சேர்த்து எழுதியிருந்தாள்.

டிப்போ சூப்பிரண்டு ஆவுடையப்பன் ஒருநாள் முழுக்கப் படகில் உட்கார்ந்து விசாரணை செய்தார். கயிற்றைப் பார்த்தார், சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்த்தார், கடைசியில், படகு நேரம் தவறாமல் ஓடுகிறது, சுக்கானி மட்டும் காணப்படவில்லை, மேற்படி விஷயத்தில் உத்தரவு வேண்டப்படுகிறது என்று தலைமை ஆபீசுக்கு எழுதினார். வருகைப் பதிவேட்டில் தொம்மை பெயருக்கு நேரே என்ன போடுவது என்று இரண்டு நாள் யோசித்து, 'வெளிவேலை' என்று போட்டார். மாதா கோயில் சாமியார் வந்து சக்கரத்துக்குத் தீர்த்தம் தெளித்தார், பள்ளிவாசல் தெருக்காரர்கள் சாம்பிராணி போட்டார்கள், அம்மன் கோயில் பூசாரி ஒரு மாலை கொடுத்தனுப்பினார். படகு மூன்றையும் ஏற்றுக்கொண்டு எப்போதும்போலப் போயிற்று. சுற்றிப்பார்க்க வந்தவர்களுக்குச் செண்பகவடிவு, "எடது பக்கம் உப்புக் கிட்டங்கி, மேல பாத்தா தானா திரும்புத சக்கரம், அது எங்க தொம்மை அண்ணாச்சி, வலது பக்கம் கல்பாலம், தலையக் குனிஞ்சிக்கிடுங்க" என்று ஒரே மூச்சில் சொன்னாள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

தொம்மையின் மகள் பஹ்ரைனிலிருந்து வந்து சேர சனிக்கிழமை ஆகிவிட்டது. மாதா கோயிலுக்கு உடலைக் கொண்டுபோக ஏழாம் நம்பர் படகையே கேட்டு வாங்கினார்கள். பால்வண்ணம் குழியில் இருந்தார். மணிக்கூண்டு தாண்டி ஒரு வளைவு, இரண்டு வளைவு, மூன்றாவது வளைவு. பதினோரு வருஷமாக நாலு தடவை அடித்த அதே இடத்தில் அன்றைக்கு மணி ஒரே ஒரு தடவை அடித்தது. நிறுத்தினார். மேலே பெண்களின் அழுகை வந்தது. சவப்பெட்டி ஏறியதும் படகு அவரையும் சேர்த்து அரை விரல் தாழ்ந்தது. தொம்மை வீடு இந்த வளைவிலா இருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பிரித்துப் பார்க்காத பத்திரிகையில் அந்த விலாசம்தானே இருந்திருக்கும். அந்த நாலு அடி வைதது இல்லை, கூப்பிட்டது. பதினோரு வருஷம், தினமும், வீட்டுக்கு நேரே வரும்போது, மேலே வந்து பாரும் வே என்று கூப்பிட்டிருக்கிறார். மணி இரண்டு தடவை அடித்தது, பால்வண்ணம் லீவரைத் தள்ளி, தொம்மையின் படகில் தொம்மையைத் தொம்மையோடு சேர்ந்து கோயிலுக்குக் கொண்டுபோனார். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே தேடிப் பார்த்தார், உள்ளங்கை மாதிரியே அங்கேயும் ஒன்றும் தெரியவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் பன்னிரண்டேகால் நடையில் மூன்றாவது வளைவில் மறுபடியும் நாலு தடவை அடித்தது. அதற்கு மறுநாளும் அடித்தது. பால்வண்ணம் மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று வாரம் கழித்து, டிப்போவில் டீ குடிக்கும்போது செண்பகவடிவு மெல்லக் கேட்டாள்.

"அண்ணாச்சி, கோவிக்காதீய. துக்கம் கேக்க அந்த வீட்டுக்குப் போனீயளா?"

"இல்ல."

"அவிய பொஞ்சாதி ரெஜினா அக்கா தெனமும் பன்னிரண்டேகாலுக்குப் படியில வந்து நிக்காவ. மணி அடிக்கதக் கேட்டுட்டு உள்ள போறாவ. ஒரு எட்டு போயிட்டு வரலாம்லா?"

பால்வண்ணம் கிளாஸை உதட்டில் வைத்துப் பார்த்தார். "அழுக வரல, செண்பகம்" என்றார்.

"வராட்டி என்ன?"

"அது எப்படி? தங்கச்சி என்னப் பாத்ததும் ஓன்னு அழும். நான் காஞ்ச கண்ணோட மரமாட்டம் நிக்கணும். பதினோரு வருசம் பேசாதவன், செத்தபொறவு வந்து வேடிக்க பாத்துட்டுப் போறான்னுதான் தோணும். வரட்டும். வந்தா போவலாம்னு இருக்கேன்."

"அழுகன்னா தண்ணி பஸ்ஸா அண்ணாச்சி, நேரம் போட்டு வர?" என்றாள் செண்பகவடிவு.

தலைமை ஆபீஸ் உத்தரவு வந்தது. வரும் ஒன்றாம் தேதி முதல் ஏழாம் நம்பர் படகுக்குப் புதுச் சுக்கானி நியமிக்கப்படுகிறார், அன்று முதல் முந்தையவரின் பணி முடிந்ததாகக் கொள்ளப்படும். ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது; என்ன இருந்தாலும் எல்லோருக்கும் ஒருநாள் ரிட்டையர் ஆகத்தானே வேண்டும் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள், கடைசி நாளில் சக்கரத்துக்கு ஒரு பொன்னாடை கட்டினார்கள். பால்வண்ணம் மட்டும் தினமும் காலையில் குழிக்குள் இறங்கும்போது தன்னையே தட்டிப் பார்த்துக்கொண்டார், இன்றைக்கு வருமா, இன்றைக்கு வருமா என்று. புதுச் சுக்கானி வந்துவிட்டால் ஒன்று, இரண்டு, மூன்றுதான் அடிப்பார். நாலு என்று ஒன்று சட்டப் புத்தகத்தில் கிடையாது.

முப்பதாம் தேதி பன்னிரண்டேகால் நடை. மணிக்கூண்டில் கால்கள் ஒரு பக்கமாக ஓடி ஓய்ந்தன. ஒரு வளைவு. இரண்டு வளைவு. மூன்றாவது வளைவில் மணி அடித்தது: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அவசரமும் இல்லை, கோபமும் இல்லை, பதினோரு வருஷமாக அடிக்கிற அதே நிதானம். பால்வண்ணத்துக்கு அப்போதும் அழுகை வரவில்லை. வராமலே அவர் லீவரை நடுவில் வைத்தார், கருவிப்பெட்டியைத் தூக்கி அடியில் எண்ணெய் குடித்துக் கறுத்துக் கிடந்த பத்திரிகையை எடுத்தார், ஓடும் படகில் இன்ஜினை விட்டு நகரக் கூடாது என்ற சட்டத்தை இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மீறி, ஏழு படியும் ஏறிப் பலகையைத் தூக்கினார்.

வெளிச்சம் கண்ணை அடைத்தது. மீன்காரிகள் கூடைகளை நகர்த்தி வழி விட்டார்கள், வெளியூர்க்காரர்கள் அவரையும் ஊரோடு சேர்த்துப் படம் எடுத்தார்கள். தண்ணீர் இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று அவருக்கு இதுவரை தெரியாது. வீடுகள் கால் நனைத்து நின்றன, துணிகள் காய்ந்தன, ஒரு பூனை படித்துறையில் உட்கார்ந்து படகைப் பார்த்தது. தூரத்தில் நூற்றியெட்டு சன்னல் வீடு தெரிந்தது. சன்னல்கள் பச்சை இல்லை, நீலம். யாரோ எப்போதோ வண்ணத்தை மாற்றியிருக்கிறார்கள், செண்பகவடிவு பழக்கத்தில் பச்சை என்றே கத்திக்கொண்டிருக்கிறாள். பதினோரு வருஷம் கூப்பிட்டது இதைப் பார்க்கத்தானா என்று நினைத்தார், நினைத்துக்கொண்டே சுக்கானி அறைக்கு ஏறினார்.

சுக்கானியின் முக்காலியில் யாரும் இல்லை. பொன்னாடை கட்டிய சக்கரம் மெல்ல இடது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது, அவர் வாசலில் கால் வைத்ததும், கையை எடுத்துவிட்டாற்போல நின்றது. படகு போன வேகத்தில் தொம்மையின் வீட்டு வாசற்படியைத் தாண்டி மிதந்தது. படியில் வெள்ளைச் சேலையில் ரெஜினா நின்றாள். முகம் கடந்து போவதைப் பால்வண்ணம் பார்த்தார். நிறுத்த வேண்டியவர் கீழே இல்லை, அவரே இங்கே நிற்கிறார். வேறு வழி தெரியாமல் தலைக்கு மேல் தொங்கிய கயிற்றைப் பிடித்து, மூன்று தடவை இழுத்தார்.

கீழே, ஆள் இல்லாத குழியில், லீவர் பின்னால் விழும் சத்தம் கேட்டது. இன்ஜின் உறுமிப் படகைப் பின்னால் இழுத்தது. ஒரு தடவை இழுத்தார். நின்றது, படிக்கு நேராக, ஓர் அங்குலம் பிசகாமல். செண்பகவடிவு பலகை ஓரமாகக் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள், முக்காலி காலியாக இருந்தது. "தொம்மை அண்ணாச்சி கீழ போயிட்டாவ" என்று மற்றவர்களுக்குச் சொன்னாள். அப்போ சரி என்று மீன்காரிகள் வெற்றிலையைப் பிரித்து உட்கார்ந்தார்கள்.

பால்வண்ணம் படியில் இறங்கினார். கறுத்த பத்திரிகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரெஜினாவின் முன்னால் நின்றார்.

"தங்கச்சி, எனக்கு அழுக வரல" என்றார். "அதான் வரல."

ரெஜினா அவரைப் பார்த்தாள், கையில் இருந்ததைப் பார்த்தாள். "அதுல என்னன்னு போட்டிருக்கு, அண்ணாச்சி?"

முதல் தடவையாக அதைப் பிரித்தார். எண்ணெயில் எழுத்து ஊறியிருந்தது. "கல்யாணம்னு போட்டிருக்கு."

"அப்ப அழுகைக்கு யாரு உங்களக் கூப்பிட்டா? அவிய கடைசி நாள் வர ஒரே பேச்சுதான், தட்டு வச்சுக் கூப்பிடாதது என் தப்புன்னு. உள்ள வாங்க. பந்தி இன்னும் முடியல."

புதுச் சுக்கானியை ஒன்பதாம் நம்பருக்கு மாற்றியதும், பால்வண்ணத்துக்குச் சக்கரம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும், குழியில் யாரையும் போடாமல் விட்டதும், கால அட்டவணையில் அரை மணி நேரம் சேர்த்ததும் எல்லாம் பிற்பாடு நடந்த ஆபீஸ் விவகாரம். அன்றைக்கு ரெஜினா கூடத்தில் ஓர் இலையைப் போட்டாள், தண்ணீர் தெளித்தாள், அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றை வைத்துச் சாளைமீன் குழம்பை ஊற்றினாள். பால்வண்ணம் சம்மணம் போட்டு உட்கார்ந்து சோற்றில் கையை வைத்தார். வைத்த கையைப் படக்கென்று எடுத்துக்கொண்டார். விரல்களைப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார்.

"சுடுது, தங்கச்சி" என்றார். அதைச் சொல்லும்போது குரல் உடைந்து, கண்ணிலிருந்து வழிய ஆரம்பித்து, நிற்கவில்லை.

வாசலில் படகின் இன்ஜின் மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. ரெஜினா இன்னும் ஓர் அகப்பை சோறு வைத்தாள்.

"ஆற வச்சு மெள்ளச் சாப்பிடுங்க, அண்ணாச்சி" என்றாள். "அவிய நிப்பாவ."